வீட்டுக்கு ஒரு கணினி: விரயமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகிறது. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு கணினி வேண்டும், எதை வாங்குவது? ஐ3 போதுமா, ஐ5 வேண்டுமா, ஐ7 எடுத்தால்தான் நான்கு ஆண்டுகள் தாங்குமா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார். யூடியூப் இன்னொன்று சொல்கிறது. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் மாமா வாட்ஸ்அப்பில் வேறொன்று சொல்கிறார். மதரஸாவில் பாடம் நடத்தும் நம்மிடமும் பெற்றோர் இதைக் கேட்கிறார்கள்.

இது மார்க்கத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி என்று நாம் கருதவில்லை. மறுமையில் ஓர் அடியானின் பாதங்கள் நகருமுன் அவனிடம் கேட்கப்படும் கேள்விகளை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, செல்வத்தைப் பற்றி மட்டும் இரண்டு கேள்விகளைச் சொன்னார்கள்: எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய். ஹலாலாக ஈட்டுவதில் பேணுதலாக இருக்கும் நம்மில் பலர், இரண்டாவது கேள்வியைக் கடை வாசலில் மறந்துவிடுகிறோம். திருமறையின் 25-ஆம் அத்தியாயம் 67-ஆம் வசனம் ரஹ்மானின் அடியார்களை அடையாளம் காட்டும்போது, அவர்கள் வரம்பு மீறியும் செலவிடமாட்டார்கள், சுருக்கிப் பிடிக்கவும்மாட்டார்கள், இரண்டுக்கும் இடையே நிலைத்து நிற்பார்கள் என்கிறது. கணினி வாங்குவதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் நமக்குத் தெரியவில்லை. ஏனெனில் நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. செயலியில் வரம்பு மீறுகிறோம். மற்ற பாகங்களில் சுருக்கிப் பிடிக்கிறோம்.

முதலில் வேலை, பிறகு செயலி

ப்ராசஸர் எனப்படும் செயலிதான் கணினியின் மூளை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் பணம் முழுவதையும் மூளையில் கொட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆனால் பி.காம். படிக்கும் மகள் டேலியும் எக்ஸெலும் பயன்படுத்துவாள். பி.சி.ஏ. படிக்கும் மகன் பைத்தானும் ஜாவாவும் எழுதிப் பழகுவான். தம்பி இணையத்தில் பாடம் கேட்பான். உம்மா குர்ஆன் ஓதல் கேட்பார்கள். வாப்பா மின்கட்டணம் செலுத்துவார். இவை அனைத்தையும் சேர்த்தாலும் இன்றைய அடிப்படைச் செயலி ஒன்றின் ஆற்றலில் பெரும்பகுதி சும்மாவே இருக்கும்.

மறுபக்கம், காணொளித் தொகுப்பைத் தொழிலாகச் செய்யும் இளைஞருக்கும், கட்டட வடிவமைப்பில் முப்பரிமாணப் படங்கள் வரையும் மாணவிக்கும் நிலைமை வேறு. அவர்களுக்கு எட்டுக் கோர்கள் கொண்ட செயலியும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். அங்கே அதிகம் செலவிடுவது விரயமன்று. தேவை இருந்தால் ஐ9-உம் விரயமாகாது. தேவை இல்லாவிட்டால் ஐ3-உம் விரயமே. பக்கத்து வீட்டில் ஐ5 வந்துவிட்டது என்பது மட்டும் தேவையாகாது.

எனவே கடைக்குப் போகுமுன் வீட்டில் மஷூரா நடத்துங்கள். யார் பயன்படுத்தப் போகிறார்கள், எந்த மென்பொருளில், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளையின் கல்லூரி ஆசிரியரிடமோ, அந்தப் பாடத்தை முன்பு படித்தவரிடமோ கேளுங்கள். அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்கச் சொல்கிறது திருமறை (16:43). விற்பவரும் அறிந்தவராக இருக்கலாம். ஆனால் அவர் விற்பவரும்கூட என்பதை மறக்க வேண்டாம்.

பெயரில் மயங்க வேண்டாம்

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டுமே பயன்படும் பெயர்கள். 2011-இல் வந்த இன்டெல் ஐ7-2600 செயலியில் நான்கு கோர்களும் எட்டு த்ரெட்களும் இருந்தன. 2022-இல் வந்த ஐ3-12100 செயலியிலும் அதே நான்கு கோர்கள், அதே எட்டு த்ரெட்கள். ஆனால் பின்னது வேகத்தில் முன்னதை வெகுவாக மிஞ்சுகிறது. நிறுவனம் குறிப்பிடும் மின் அளவும் முன்னதற்கு 95 வாட், பின்னதற்கு 60 வாட். "ஐ7 கணினி, மலிவு விலை" என்ற விளம்பரத்தைக் கண்டால் ஐ7 என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். நான்கு இலக்கமானால் பெரும்பாலும் முதல் இலக்கமும், ஐந்து இலக்கமானால் முதல் இரண்டு இலக்கங்களும் தலைமுறையைச் சொல்லும். ஐ5-4570 நான்காம் தலைமுறை. ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை. 2024 இறுதியிலிருந்து மேசைக்கணினிகளுக்கு இன்டெல் 'கோர் அல்ட்ரா' என்ற புதிய பெயரிலும் செயலிகளை வெளியிடுகிறது. அங்கும் எண்ணைக் கேட்டே வாங்க வேண்டும்.

எண்ணுக்குப் பின் வரும் எழுத்தும் முக்கியம். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதனுள் கிராஃபிக்ஸ் வசதி இல்லை. விலை குறைகிறதே என்று ஐ3-12100எஃப் வாங்கிவந்தால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. 'கே' என்று முடிந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ள வழிசெய்யப்பட்டது; படிக்கும் பிள்ளைக்கு அது வேண்டியதில்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசனில் 5600 என்றால் கிராஃபிக்ஸ் இல்லை. 5600ஜி என்றால் உண்டு. ஆறு கோர்கள் கொண்ட அந்த 5600ஜி, தனி கார்டு வாங்காமலேயே வீட்டு வேலைகளை நிறைவாகச் செய்யும். பெட்டியின் மேலுள்ள ஓர் எழுத்தைக் கவனிக்காததால் சில ஆயிரங்கள் கூடுதலாகச் செலவழித்த குடும்பங்கள் உண்டு.

"பிள்ளையின் எதிர்காலத்துக்காக இப்போதே பெரியதாக வாங்கிவிட்டால் நல்லதல்லவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நல்ல பொருள் நீண்ட நாள் உழைப்பது மெய். ஆனால் செயலிகளின் விஷயத்தில், இன்று உச்ச விலையில் விற்பதன் வேகம் சில ஆண்டுகளில் நடுத்தர விலைக்கு இறங்கிவிடுகிறது. வராத தேவைக்கு இன்று அதிகப் பணம் கொடுத்து, அது வரும்போது பழைய பொருளோடு நிற்பதைவிட, இன்றைய தேவைக்கு வாங்கி மீதத்தைச் சேமிப்பதே அறிவு. விலை அதிகமென்றால் தொல்லை குறைவு என்பதும் உறுதியில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைகளின் உயர்நிலைச் செயலிகள் பலவற்றில் மின்னழுத்தக் கோளாறால் கணினி திடீரென நின்றுபோகும் சிக்கல் எழுந்தது. 2024-இல் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

சுருக்கிப் பிடிக்கக் கூடாத இடங்கள்

செயலியில் மிஞ்சும் பணத்தை எங்கே போடுவது? நான்கு இடங்களில்.

முதலாவது ரேம். எட்டு ஜிபி இன்று குறைந்த அளவு. பதினாறு இருந்தால் பல ஆண்டுகள் கவலையில்லை. பதினாறு ஜிபி கொண்ட ஒரே பட்டையைவிட எட்டு ஜிபி கொண்ட இரண்டு பட்டைகள் மேல். செயலிக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் கணினிகளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பணம் போதாவிட்டால் இப்போது எட்டு ஜிபி பட்டை ஒன்றைப் போட்டு, இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.

இரண்டாவது எஸ்.எஸ்.டி. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 மெகாபைட் படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500-ஐத் தாண்டும்; என்.வி.எம்.இ. வகை சாதாரணமாகவே 2000-ஐத் தாண்டும். ஐ7 செயலியும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள கணினியைவிட, ஐ3 செயலியும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள கணினி அன்றாட வேலையில் சுறுசுறுப்பாக இருக்கும். ஏனெனில் மூளை எவ்வளவு வேகமானாலும் ஏட்டைத் திறந்து கொடுப்பவர் மெதுவாக இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குகளும் கொண்ட கேபினட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, கேபினட்டோடு இலவசமாக வரும் பெயரில்லா மின்வழங்கியைப் போட்டுக்கொள்வது நம்மிடையே வழக்கம். அது பழுதாகும்போது மதர்போர்டையும் சேர்த்து அழிக்கக்கூடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினிக்கு நல்ல நிறுவனத்தின் 450 வாட் மின்வழங்கி தாராளம். உள்ளே வாங்கும் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் பயன்தருவதைக் குறிக்கும் '80 பிளஸ்' முத்திரை அதன்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போகும் ஊர்களில் சிறிய யு.பி.எஸ். ஒன்றும் அவசியம்.

நான்காவது மானிட்டர். படிக்கும் பிள்ளையின் கண்கள் பல மணி நேரம் அதன்மேல் இருக்கப்போகின்றன. ஐ.பி.எஸ். வகையில், முழு எச்.டி. தெளிவுள்ள 22 அல்லது 24 அங்குலத் திரை போதும். அதைக் கூடத்தில், எல்லோர் பார்வையும் படும் இடத்தில் வையுங்கள்.

மதர்போர்டைப் பொறுத்தவரை ஒன்றே விதி: செயலி பொருந்தும் சாக்கெட் அதில் இருக்க வேண்டும். இன்டெலின் 12 முதல் 14 வரையான தலைமுறைகள் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் அமரும். ரைசன் 5600ஜி ஏ.எம்.4 சாக்கெட்டில் அமரும். ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே பொருந்தும். எல்.ஜி.ஏ. 1700-இல் டி.டி.ஆர்.4-க்கு ஒரு போர்டு, டி.டி.ஆர்.5-க்கு வேறொரு போர்டு என இரு வகையும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. பாகங்களை வெவ்வேறு கடைகளில் வாங்குவோர் இதை எழுதி எடுத்துச் செல்வது நல்லது.

பழையதே போதாதா?

புதியது வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. வீட்டில் மெதுவாக ஓடும் கணினியில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமைக் கூட்டினால் அது இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கலாம். கைவசமுள்ள நிஃமத்தைப் பழுது பார்த்துப் பயன்படுத்துவதும் நன்றி செலுத்துவதன் ஒரு வகைதான்.

அலுவலகங்களில் ஓடிப் புதுப்பிக்கப்பட்ட கணினிகள் சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற நகரங்களிலும் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாம், தவறில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், ஏ.எம்.டி.யில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையுமே அதிகாரபூர்வமாகத் தகுதி பெறுகின்றன, டி.பி.எம். 2.0 வசதியும் வேண்டும். நான்காம், ஆறாம் தலைமுறைக் கணினியை "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்று விற்பவர்கள் இந்தக் குறையைச் சொல்வதில்லை. தானியக் குவியலின் உள்ளே கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மறைத்த வியாபாரியைக் கண்டித்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். கணினிக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும், பழைய கணினியை இணையத்தில் விற்கும் நமக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

பணம் கொடுக்கும் வழி

எல்லாவற்றையும் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியில் வட்டியில் விழுவோரைக் காண்கிறோம். "நோ காஸ்ட் இ.எம்.ஐ., வட்டியே இல்லை" என்கிறார்கள். பெரும்பாலும் அங்கே நடப்பது இதுதான்: வங்கி உங்களுக்குக் கடன் தருகிறது, அதற்கு வட்டி கணக்கிடுகிறது, அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழிக்கிறார். கிரெடிட் கார்டு அறிக்கையைத் திறந்து பாருங்கள். வட்டி என்ற வரியும், அந்த வட்டிமீது ஜி.எஸ்.டி. என்ற வரியும் அங்கே இருக்கும். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் தெளிவுபடுத்தியது. சட்டம் பேசுவோர் கண்டுகொண்டதை மார்க்கம் பேணும் நாம் கண்டுகொள்ளாமல் இருக்கலாமா?

தவணையே கூடாது என்பதன்று நம் வாதம். கடைக்காரரே பொருளை விற்று, மொத்த விலை இவ்வளவு, மாதம் இவ்வளவு என்று ஒப்பந்தத்தின்போதே ஒரே விலையாக உறுதிசெய்தால் அது கூடும் என்பதே பெரும்பான்மை ஃபுகஹாக்களின் கருத்து. உடனடி விலையைவிட அது அதிகமாக இருப்பினும் சரியே. ரொக்கமானால் இவ்வளவு, தவணையானால் இவ்வளவு என்று சொல்லி, எதுவென முடிவு செய்யாமலேயே பொருளைத் தூக்கிவருவது கூடாது. தாமதித்தால் கூடுதல் தொகை என்ற நிபந்தனையும் வட்டியின் வாசலே. கடைக்காரர் தவணைக்கு உடன்படாவிட்டால் மஹல்லா பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேளுங்கள். அதுவும் இல்லையேல் ஆறு மாதம் சேமியுங்கள். ஐ5-ஐ வட்டியில் வாங்குவதைவிட ஐ3-ஐக் கைக்காசில் வாங்குவது பரக்கத்தானது.

"பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கும் இடங்கொடுக்க வேண்டாம். கணினிப் பாகங்களுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, பில்லைத் தவிர்த்தால் அது மிஞ்சும் என்று தோன்றும். ஆனால் பெட்டியோடு வாங்கும் இன்டெல் செயலிக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. பில் இல்லாமல் அதைக் கேட்டுப் பெறுவது கடினம். பெட்டியில்லாமல் 'ட்ரே' என்று விற்கப்படும் செயலிக்கு விற்றவரே பொறுப்பு. பில் இல்லையென்றால் அவரும் பொறுப்பில்லை. வரியை ஏய்ப்பதற்குத் துணைபோகும் குற்றமும் நம்மைச் சேர்கிறது.

மென்பொருளும் பிறர் உழைப்பே

ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குக் கணினி வாங்குவோரும் "விண்டோஸ் மட்டும் கிராக் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். கையால் தொட முடியாததால் அது திருட்டாகத் தோன்றுவதில்லை. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூல், கண்டுபிடிப்பு போன்றவற்றின்மீது அவற்றை உருவாக்கியோருக்கு உள்ள உரிமை ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. கிராக் செய்யப்பட்ட மென்பொருளோடு வைரஸ் வருவது தனிக் கதை.

ஆகவே விண்டோஸ் வேண்டுமென்றால் அதன் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள். இயலாதோருக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை இலவசமாக, உரிமையோடு கிடைக்கின்றன. நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு அவை மிகப் பொருத்தம். எழுத்து, கணக்கு வேலைகளுக்கு லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. ஆட்டோகேடை மாணவர்களுக்கு அந்நிறுவனமே இலவசமாகத் தருகிறது. டேலியிலும் கற்போருக்கென இலவசப் பயிற்சி முறை உண்டு. ஹலாலான வழி இருக்கையில் களவு வழியில் கல்வி எதற்கு?

பழைய கணினி யாருக்கு?

புதியது வந்ததும் பழையதை மதரஸாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் மானிட்டர் எரியாத, ஹார்டு டிஸ்க் செத்துப்போன பெட்டிகளும் அந்தப் பெயரில் வந்து மதரஸாக்களின் மூலைகளில் தூசி படிகின்றன. பிறர் தந்தால் நீங்களே கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத மட்டமான பொருளைத் தர்மம் செய்ய நாடாதீர்கள் என்று திருமறை (2:267) தடுக்கிறது. பழுதானதை மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். ஓடக்கூடியதானால், ஓர் எஸ்.எஸ்.டி.யை வாங்கிப் பொருத்தி, இயங்கும் நிலையில் கொடுங்கள். அதில் ஒரு மாணவன் கற்கும் காலமெல்லாம் உங்களுக்கு நன்மை வரும், இன்ஷா அல்லாஹ். கொடுக்குமுன் அதிலுள்ள குடும்பப் படங்களை முழுமையாக அழித்துவிடுங்கள். சாதாரணமாக 'டெலிட்' செய்தவை மீட்டெடுக்கக் கூடியவை. ஐயம் இருந்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி ஒரு கருவி. அதில் தஃப்ஸீர் கேட்கலாம், தொழில் கற்கலாம், காலத்தைக் கொல்லவும் செய்யலாம். எதற்காக வாங்குகிறோம் என்ற நிய்யத் தெளிவாக இருந்தால் எதை வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும். தேவையை எழுதுங்கள், அறிந்தவரிடம் கேளுங்கள், பில்லோடு, வட்டியின்றி வாங்குங்கள். மிஞ்சிய பணத்தில் கல்விக் கட்டணம் கட்ட இயலாத உறவினர் பிள்ளை ஒருவருக்கு உதவ முடிந்தால், அந்தக் கணினியின் மிகச் சிறந்த பாகம் அதுவாகவே இருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்திலும் செலவிலும் நடுநிலையைத் தந்து, நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.